ரேடியேட்டர்க் கசிவும் செம்பின் அரிப்பும்

ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் துகள் உறைபனி விழுந்து தேயிலையும் உருளைக்கிழங்கும் கருகுவதை ஹட்டன் பகுதி விவசாயிகள் நன்கறிவர். ஆயினும், எஞ்சினுள் இருக்கும் நீர் உறைந்துபோகுமளவு குளிர் இங்கு அரிது. ஆதலால், கடைகளில் கூலன்ட் என விற்கப்படும் உறைதடுப்பு நீர்மம் நம் உழவு இயந்திரத்துக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் தேவையில்லை எனக் கருதலாகாது. இங்கு அதன் முதற்பயன் அரிப்பைத் தடுத்தலே ஆகும்.

கூலன்டில் பொதுவாக எதிலீன் கிளைக்கோலும் அரிப்புத் தடுப்பு மருந்துகளும் கலந்திருக்கும். எஞ்சினின் வெப்பத்தாலும் உட்புகும் காற்றாலும் கிளைக்கோல் நாளடைவில் அமிலமாக மாறும். மருந்து உள்ளவரை அவ்வமிலம் அடங்கியிருக்கும். மருந்து தீர்ந்தபின், பழைய இயந்திரங்களின் செம்புக் குழாய்களையும் ஈயம் பற்றவைத்த இணைப்புக்களையும் அது அரிக்கத் தொடங்கும். கரைந்த செம்பு இரும்பு, அலுமினியப் பாகங்களிற் படிந்து அங்கும் குழி விழச் செய்யும்.

கசிவு கண்டதும் வெறும் நீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்வது பலரது வழக்கம். கூலன்ட் சரிபாதியாகவுள்ள 5 லீற்றர் கலவையில் 1 லீற்றர் ஒழுகி, அதற்கு ஈடாக நீர் ஊற்றப்பட்டால் அதன் பங்கு நூற்றுக்கு 40 ஆகும். மறுமுறை 32 ஆகும். இவ்வாறு மருந்து குன்றக் குன்ற அரிப்பு மிகும். அரிப்பு மிகக் கசிவும் பெருகும்.

செய்ய வேண்டியவை:

1. குழாய் இணைப்புக்களில் பச்சை அல்லது நீலப் பொருக்கு காணப்பட்டால் அதனைக் கசிவின் அடையாளமெனக் கொண்டு, எஞ்சின் நன்கு ஆறியபின் சோதிக்கவும். சூடாயிருக்கையில் மூடியைத் திறத்தல் ஆபத்தாகும்.

2. கசிவை முதலில் அடைக்கவும். பின்னர் பழைய நீர்மத்தை முற்றாக வடித்து, உட்புறத்தைக் கழுவி, புதிய கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கொள்கலத்தில் குறித்த அளவின்படி ஊற்றவும்.

3. யூரியா மூடைகளுக்கும் எருக்குவியலுக்கும் அருகே இயந்திரத்தை நிறுத்த வேண்டாம். அங்கு எழும் அமோனியா செம்பையும் பித்தளையையும் கெடுக்கும்.

4. வடித்த நீர்மத்தை வயலிலோ ஓடையிலோ கொட்டலாகாது. நம் மலைகளில் பிறக்கும் ஓடைகளே மகாவலிக்கும் களனிக்கும் நீர் சேர்ப்பவை.

எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு. தரையில் தேங்கியதை நாயும் மாடும் நக்கக்கூடும். குழந்தைகளும் வாயில் வைக்கக்கூடும். சிந்தியதை உடனே மண் தூவி அகற்றுக. எவரேனும் உட்கொண்டால் நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. கால்நடையாயின் மிருக வைத்தியரை நாடுக.