ஆற்றுப்படுத்தும் கல்வி

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வாடும் கலைஞரை எதிர்கண்டு, தாம் சென்ற வழியை எடுத்துரைப்பது ஆற்றுப்படை இலக்கியம். கூத்தராற்றுப்படை என்று வழங்கும் மலைபடுகடாம், நன்னனின் மலைநாட்டு வழியில் நேரும் இடர்களையும் கூறுகிறது. இன்று மனத்துயரில் இருப்பவருக்குத் துணைநிற்கும் உளவியல் பணியையும் ஆற்றுப்படுத்துதல் என்றே வழங்குகிறோம். அப்பணிக்கு உரியவர் எவ்வாறு உருவாகிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அறிவுரை அன்று, துணை

துயருற்றவருக்கு உறவினரும் நண்பரும் அறிவுரை கூறுவது இயல்பு. ஆற்றுப்படுத்துநரின் பணி அதனின் வேறுபட்டது. அவர் முதலில் கேட்கிறார். கேட்டதைத் தாம் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று வினவித் தெளிகிறார். எதிரில் இருப்பவர் தம் சிக்கலைத் தாமே காணவும் முடிவெடுக்கவும் உதவுகிறார். ஆற்றுப்படையில் வழி கூறுபவர் ஒருவர், நடப்பவர் மற்றொருவர். இங்கும் அவ்வாறே.

மருந்து தேவைப்படும் நோய்நிலையை இனங்கண்டு, உரிய நேரத்தில் மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் கடமையாகும். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதும் தகுதி அவருக்கு உண்டு. ஆற்றுப்படுத்துநர் உரையாடலின் வழியே பணியாற்றுபவர்.

பட்டத்திற்குப் பிறகு

மேல்நிலைக் கல்வி முடித்தவர் உளவியலில் இளநிலைப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெறலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943ஆம் ஆண்டிலேயே உளவியல் துறை தொடங்கப்பட்டது. எனினும், முதுநிலைப் பட்டம் பெற்ற அன்றே ஒருவர் பிறர் துயரைக் கையாளும் திறம் பெற்றுவிடுவதில்லை. நூல்கள் மனத்தைப் பற்றிய அறிவைத் தருகின்றன. அழுபவர் முன்னே பதறாமல் அமர்வதற்கும், தம் விருப்பு வெறுப்புகளை அவர்மீது ஏற்றாமல் இருப்பதற்கும் பயிற்சி தேவை.

அப்பயிற்சியின் உயிர்நாடி மேற்பார்வை. பயில்பவர் தாம் நடத்திய உரையாடலை மூத்த வல்லுநரிடம் எடுத்துரைப்பார். எங்கே அவசரப்பட்டார், எதைக் கேளாமல் விட்டார் என்பதை அவர் சுட்டிக்காட்டுவார். அமெரிக்காவில் ஆற்றுப்படுத்துநருக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை வர்ஜீனியா மாநிலம் 1976ஆம் ஆண்டில் முதன்முதலாக இயற்றியது. இறுதியாகக் கலிபோர்னியா 2009ஆம் ஆண்டில் இயற்றியது. அங்குப் பல மாநிலங்களில், முதுநிலைப் பட்டத்திற்குப் பின் ஏறத்தாழ 3,000 மணிநேரம் மேற்பார்வையின்கீழ்ப் பணியாற்றித் தேர்விலும் வென்றவருக்கே உரிமம் கிடைக்கும்.

இந்தியாவில் உரிமம்

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற விரும்புபவர், இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பை முடித்து, அதன் மையப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். 1992ஆம் ஆண்டின் சட்டப்படி, பதிவு பெறாமல் அப்பணியைச் செய்வது தண்டனைக்குரியது. பெங்களூரில் உள்ள நிமான்ஸ் இத்துறைக் கல்வியில் முன்னோடி நிறுவனமாகும்.

ஆனால், ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைப்பதற்கு நெடுங்காலம் தனி உரிமம் இருந்ததில்லை. சில நாள் பயிற்சி பெற்றவரும் பல்லாண்டு பயின்றவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். துன்பத்தில் இருப்பவரால் இவ்வேறுபாட்டை அறிய இயலாது. தவறான வழிகாட்டலின் விலையைச் செலுத்துபவரோ அவரே. 2021ஆம் ஆண்டின் தேசிய நலத்துறைத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம், உளவியலாளரையும் ஆலோசகர் சிலரையும் பதிவு முறைக்குள் கொண்டுவர வழிவகுத்தது.

மலையும் மொழியும்

இக்கல்வியின் அருமை நீலகிரி போன்ற மலைமாவட்டத்தில் நன்கு புலப்படும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரும், படுகரும், 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும் இங்கு வாழ்கின்றனர். துயரைச் சொல்லும் மொழி ஒவ்வொரு குடிக்கும் வேறு. மனம் சரியில்லை என்பதை ஒருவர் நெஞ்சு அடைக்கிறது என்பார். மற்றொருவர் உறக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்வார்.

மக்களுள் ஒருவரையே பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தும் வழக்கம் இம்மலைக்குப் புதிதன்று. 1970களில், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்னும் தோட்ட அதிபர் சங்கம் தன் நலத்திட்டத்தில் தொழிலாளருள் சிலரையே இணைப்புப் பணியாளராக்கியது. அவர்கள் அண்டை வீட்டாரைக் கண்டு, தாய் சேய் நலம் பற்றி உரையாடினர். கூடலூரில் 1990ஆம் ஆண்டு தொடங்கிய அஸ்வினி அமைப்பு, பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. இவை உடல்நலம் சார்ந்த பணிகள். எனினும், தம் மொழி பேசுபவரிடமே மக்கள் மனம் திறப்பர் என்பதை இவை காட்டுகின்றன.

மறைகாத்தல்

நெருக்கமும் ஒரு சிக்கலாகலாம். தோட்டக் குடியிருப்பின் லயன் வீடுகளில் ஒரே சுவர் இரு குடும்பங்களுக்குப் பொது. யார் யாரைக் காணச் செல்கிறார் என்பது மாலைக்குள் ஊரறிந்த செய்தியாகும். ஆதலால், மறைகாத்தல் ஆற்றுப்படுத்துநரின் முதன்மை அறமாகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் உடையவரின் செய்திகள் மறைவாகக் காக்கப்படுவதை உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து நேரும்போதும், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை தெரியவரும்போதும் இதற்கு விதிவிலக்கு உண்டு. அவ்வெல்லையை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்ல ஆற்றுப்படுத்துநரின் முறை. எதுவரை காக்கப்படும் என்பதை அறிந்த பிறகே ஒருவர் நம்பிப் பேசத் தொடங்குகிறார்.

தெரிந்து தெளிவோம்

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பயிற்சி பெற்றவரிடம் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.