அழுத்தம் வேறு, ஆற்றல் வேறு
இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால், அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 10 மடங்குக்கும் மேல் எகிறும். குழாயே அதிரும் இந்த அடியைக் காட்டித்தான் சிலர் தண்ணீரிலிருந்து இலவச ஆற்றல் என்கிறார்கள். ஆனால் அந்த வேகத்தில் 1 லிட்டர் நீரிடம் இருப்பது வெறும் அரை ஜூல். அதே நீரை 5 சென்டிமீட்டர் உயர்த்தவே அது சரியாகப் போய்விடும். மின்சாரமே இல்லாமல் ஹைட்ராலிக் ராம் மேட்டுக்கு நீரேற்றுகிறதே என்று கேட்கலாம். 1796இல் பிரான்சில் மான்கோல்ஃபியே உருவாக்கிய அந்தக் கருவி, கொஞ்சம் நீரை ஏற்றுவதற்காகப் பெரும்பங்கு நீரைத் தாழ்வில் வழியவிடுகிறது; கூலி அங்கே போகிறது. கப்பல் விசிறியையே அரித்துவிடும் நீராவிக் குமிழ்களும் விசிறி கொடுத்த ஆற்றலைத்தான் ஊசிமுனையளவு இடத்தில் குவிக்கின்றன. பிலடெல்பியாவின் ஜான் கீலி, தண்ணீரால் ஓடும் எந்திரமென்று சொல்லிப் பல்லாண்டு பணம் திரட்டினார். 1898இல் அவர் இறந்தபின் ஆய்வுக்கூடத்தின் அடித்தளத்தில் அகப்பட்டது, அழுத்திய காற்றை அடைத்துவைக்கத் தோதான பெரிய இரும்புக் கோளம்.