யாரும் மீட்டாத காந்தாரம்

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு ருத்ராவின் ரசிகனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ருத்ரா, 1992-இல் சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய டெத் மெட்டல் இசைக்குழு. பெயரே சிவன் பெயர். பாடுபொருள் வேதாந்தம், அதிலும் அத்வைதம். 2016-இல் வந்த ஆல்பத்துக்கு ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’ (இருமையின் எதிரி) என்றே தலைப்பு. ராமானுஜர் இருந்து விசிஷ்டாத்வைதத்தை நிலைநாட்டிய ஊரில் இதை ஒலிக்கவிட்டால், நியாயமாகப் பார்த்தால் பெரியவர்கள் முதலில் சித்தாந்தத்தைத்தான் ஆட்சேபிக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் எழுந்த ஆட்சேபணை வேறு. “சுருதின்னு ஒண்ணு இருக்காடா இதுல?” என்றார் பெரியப்பா.

நல்ல கேள்வி. இதற்கு ரசிகனின் ஆவேசத்தோடு பதில் சொன்னால் போதாது. இயற்பியலைத் துணைக்கு அழைக்க வேண்டும். அழைத்தால் கிடைக்கும் பதில் பெரியப்பாவுக்கும் வியப்பாக இருக்கும்: அந்த உறுமலில் இருப்பது பெரும்பாலும் சுருதிதான்.

முதலில் ஆல்பங்கள். 1998-இல் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. 2003-இல் ‘குருக்ஷேத்ரா’. பிறகு 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பொதுத் தலைப்பில் மூன்று ஆல்பங்கள். என் காதுக்கு இந்த மூன்றும்தான் உச்சம். கதிர் பேஸ் கித்தாரை வாசித்துக்கொண்டே அடித்தொண்டையில் உறுமுகிறார். சிவாவின் டிரம்ஸ் விடாமல் துரத்துகிறது. இந்தப் புயலுக்கு நடுவே சமஸ்கிருத சுலோகம் ஒன்று எழும்போது, அது மேலே ஒட்டவைத்த அலங்காரமாகத் தெரியாது. கித்தார்கள் முன்கூட்டியே அதற்கு ஆதார சுருதி பிடித்து வைத்திருந்தது போலிருக்கும். பல வருடங்கள் இதை ரசிகனின் பிரமை என்றே எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பிரமை இல்லை.

உடைந்த அலை

மெட்டல் கித்தாரின் உயிர் டிஸ்டார்ஷன். கம்பி அதிரும்போது எழும் மின் அலை மெல்ல ஏறி இறங்கும் வளைவு. அதை ஆம்ப்ளிஃபயரின் தாங்குசக்திக்கு மேல் பெருக்கினால், அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். 1950-களில் இது பழுது. பொறியாளர்கள் அதைத் தவிர்க்கப் பாடுபட்டார்கள். இளைஞர்களுக்கோ அந்தப் பழுதுதான் பிடித்தது. 1964-இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிளேடால் கீறியே அந்த ஒலியை வரவழைத்தார்.

வெட்டுப்பட்ட அலையில் ஏன் புது ஒலி பிறக்கிறது? நல்ல ஆம்ப் கொடுத்ததை அப்படியே பெரிதாக்கித் தரும். 100 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 100 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும். அலையை நறுக்கும் ஆம்ப் 200, 300, 400 என்று அதன் மடங்குகளையும் சேர்த்துத் தரும். இசையில் இவற்றுக்கு மேல் ஒலிகள் என்று பெயர். ஒரே சமயத்தில் இரண்டு ஸ்வரங்கள் உள்ளே போனால் சங்கதி இன்னும் சுவையாகிறது. ஆம்ப் அவற்றைக் கூட்டியும் கழித்தும் புது ஸ்வரங்களை உண்டாக்குகிறது.

மெட்டல்காரர்கள் அதிகம் நம்புவது ‘பவர் கார்ட்’. பெயர்தான் பெரிது, உள்ளே இருப்பது ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும். இவற்றின் அதிர்வெண் விகிதம் 2:3. கித்தாரின் தடித்த கம்பியில் ஸட்ஜம் ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் 123. கழித்தால் 41. அது அதே ஸட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. பேஸ் கித்தாரின் தடித்த கம்பி எழுப்பும் ஸ்வரமும் அதுதான். கித்தார்காரர் வாசிக்காத ஒரு மந்திர ஸட்ஜத்தை ஆம்ப் தானாகவே அடியில் போட்டுக்கொள்கிறது. நெஞ்சில் மோதும் அந்தக் கனத்தில் ஒரு பங்கு இந்தக் கழித்தலின் வேலை.

இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டும் மூன்றும் ஐந்து. அடியில் பிறந்த ஸட்ஜத்தை 1 என்று வைத்தால், 5 என்பது இரண்டு ஸ்தாயிக்கு மேலே நிற்கும் அந்தர காந்தாரம். ஸ-ப மட்டும் மீட்டிய இடத்தில் காந்தாரம் ஒன்று தானாக முளைத்திருக்கிறது! ஆம்ப் செய்யும் சேர்க்கைகள் இத்தோடு நிற்பதில்லை. இரண்டையும் மூன்றையும் பல மடங்குகளாக்கிக் கூட்டும், கழிக்கும். எப்படிச் சுற்றினாலும் வருவது முழு எண். அதாவது, பிறக்கும் ஒவ்வோர் ஒலியும் அந்த ஒரே மந்திர ஸட்ஜத்தின் மேல் ஒலி. இரைச்சல் என்று காதில் விழுவது ஒரே வேரிலிருந்து கிளைத்த கூட்டம்.

டிஸ்டார்ஷனில் எல்லா ஜோடியும் இப்படி இணங்கிப் போகாது. ஸட்ஜத்தோடு சாதாரண காந்தாரத்தைச் சேர்த்தால் விகிதம் 5:6. கழித்தால் கிடைப்பது ஸட்ஜம் அல்ல, கீழே எங்கோ ஒரு சுத்த தைவதம். கூட்டினால் 11, அது சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் தொங்குகிறது. ஒலி கலங்கிவிடும். அதனால்தான் மெட்டல் கித்தார்காரர்கள் காந்தாரத்தைக் கைவிட்டு ஸ-ப-வில் நிற்கிறார்கள். யாரும் சொல்லித்தராமல் காதாலேயே கண்டுகொண்ட இலக்கணம் இது.

தம்பூராவின் ரகசியம்

ஸ-ப-வில் நின்று, மீட்டாத காந்தாரத்தை வரவழைக்கும் வாத்தியம் நம் ஊரில் வேறொன்று இருக்கிறது. தம்பூரா. நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவின் ப-ஸ-ஸ-ஸ-வில் அந்தர காந்தாரம் தானே கேட்கும். ‘ஸ்வயம்பு காந்தாரம்’ என்று வித்வான்கள் அதைக் கொண்டாடுவார்கள். சும்மா கம்பியைக் கட்டினால் அது வராது. கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவாளி நூலைச் செருகி, மயிரிழை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். சரியான இடத்தில் நூல் அமர்ந்ததும் கம்பி இரைய ஆரம்பிக்கும்.

அந்த இரைச்சலை ஆராய்ந்தவர் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் வாங்குவதற்கு முன் பல வருடங்கள் அவர் கவனமெல்லாம் வாத்தியங்களில் இருந்தது. கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில் கம்பிகளை அதிரவிட்டுப் பார்த்தவர் அவர். 1920-இல் ‘நேச்சர்’ இதழில், மிருதங்கம் போன்ற நம் தோல் வாத்தியங்கள் மட்டும் ஏன் சுருதியோடு பேசுகின்றன என்று எழுதினார். வெறும் தோலின் மேல் ஒலிகள் அடிப்படை ஒலியைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் கிடக்கும். வலந்தலையின் நடுவே பூசும் கரணையின் எடை அவற்றை முழு எண்களை நோக்கி இழுத்து வருகிறது.

அடுத்த வருடம், 1921-இல், தம்பூராவுக்கும் வீணைக்கும் வந்தார். கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால், நடுப்புள்ளியில் அசைவே இல்லாத மேல் ஒலிகள் (இரண்டாவது, நான்காவது போன்றவை) எழக்கூடாது. இது ஐரோப்பிய ஒலியியல் வகுத்து வைத்திருந்த விதி. பியானோவும் வயலினும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. தம்பூரா கட்டுப்படவில்லை, எழக்கூடாத ஒலிகள் அதில் பலமாகவே எழுந்தன. காரணம் குதிரையில் இருந்தது. அது கூரான விளிம்பு அல்ல, மெல்லச் சரியும் அகலமான மேடை. கம்பி ஒவ்வோர் அதிர்விலும் அந்தச் சரிவில் படிந்து எழுகிறது. படியும்போதெல்லாம் அதன் வடிவம் ஒரு கணம் குலைந்து, சக்தி மேல் ஒலிகளுக்குப் பாய்கிறது.

கித்தாரின் ஆம்ப் அலையின் உச்சியை மின்னால் நறுக்குகிறது. தம்பூராவின் குதிரை கம்பியின் வீச்சை மரத்தால் தடுக்கிறது. இரண்டும் கொடுத்ததை அப்படியே திருப்பித் தராத கருவிகள். அந்த விசுவாசக் குறைவுதான் இரண்டிலும் இசையாகிறது.

நாகஸ்வரமும் இந்தக் குடும்பம்தான். ஓங்கி ஊதும்போது சீவாளியின் இரண்டு இதழ்களும் ஒவ்வோர் அதிர்விலும் முழுவதாக மூடிக்கொள்ளும். காற்றோட்டம் சீராக ஏறி இறங்காமல் பட்டென்று அறுபடுகிறது. ஓட்டம் எவ்வளவு கூர்மையாக அறுபடுகிறதோ, அவ்வளவு மேல் ஒலிகள். ஸ்ரீரங்கத்தில் உற்சவர் நம்பெருமாள் புறப்பாட்டின்போது சித்திரை வீதியின் ஒரு கோடியில் ஊதுவது மறுகோடி வரை மைக் இல்லாமல் கேட்பது இதனால்தான். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு டிஸ்டார்ஷன் அந்நியமாக இருக்க நியாயமில்லை.

அறுந்த விரலும் கல்யாணியும்

மெட்டலின் பிறப்பிலும் ஒரு தடை இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1965-இல், தகரத் தகடு வெட்டும் ஆலை ஒன்றில் டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கக்காரர் என்பதால், கித்தாரில் ஸ்வரம் பிடிக்க வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்துகொண்டு, மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். தன் பிளாக் சப்பாத் குழுவின் 1971 ஆல்பத்தில் கம்பிகளை மூன்று ஸ்வரஸ்தானங்கள் கீழே இறக்கினார். கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மூன்று ஸ்தானம் இறங்கினால் இழுவிசை ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். வலித்த விரலுக்கு ஆறுதல், இசைக்கு ஆழம். இன்றைய மெட்டல் குழுக்கள் இன்னும் கீழே போகின்றன.

அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. முதல் பாட்டின் அச்சமூட்டும் தொடக்கம் ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்குப் போகும் தாவல். ஐரோப்பாவில் சாத்தானின் இடைவெளி என்று பெயர் வாங்கியது அது. நம் 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36 மேளங்கள், அந்த மத்யமத்தைத்தான் ஏந்தியிருக்கின்றன. கல்யாணி அவற்றில் ஒன்று. அங்கே பேய் வரும் வழியில் இங்கே மங்களம் வருகிறது. விகிதத்தில் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. அந்த மத்யமத்தைப் பஞ்சமத்துக்கு அழைத்துப் போகிறோமா, நடுவழியில் நிறுத்திவிடுகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தொண்டை, காது, ஒளி

கதிரின் உறுமலுக்கு வருவோம். பேசும்போதும் பாடும்போதும் நாம் பயன்படுத்துவது குரல் நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே பொய் நாண்கள் என்று இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. சாதாரணமாக அவை ஒதுங்கியே இருக்கும். உறுமும்போது அவையும் சேர்ந்து அதிர்ந்து காற்றை இடைமறிக்கின்றன. திபெத்திய புத்த பிக்குகள் மந்திரம் ஓதும்போது இந்த மடிப்புகள் குரல் நாண்களின் இரண்டு துடிப்புக்கு ஒரு முறை மட்டும் மூடும். கேட்பவருக்குக் குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். டெத் மெட்டல் உறுமலில் அவ்வளவு ஒழுங்கு இல்லை என்றாலும், வழி கிட்டத்தட்ட அதுவே. கதிர் மந்திரச் சொற்களை உறுமும் இடங்கள் எனக்கு விசித்திரமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில், கேட்கும் காதே அலையை உடைக்கும் கருவிதான். இத்தாலிய வயலின் மேதை தார்த்தினி, 1714-இல் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தபோது மூன்றாவதாக ஒன்று கேட்பதைக் கவனித்தார். உள்காதின் நத்தை எலும்புக்குள் இருக்கும் மயிர்செல்கள் ஒலியைச் சும்மா வாங்கிக்கொள்வதில்லை, பெருக்கவும் செய்கின்றன. பெருக்கும்போது கூட்டல் கழித்தலும் நடக்கிறது. அப்படி உண்டான ஒலி காதிலிருந்து வெளியேயும் கசியும். 1978-இல் டேவிட் கெம்ப், காது ஒலியை வெளியிடுகிறது என்று கண்டதிலிருந்து இது மருத்துவமானது. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அறிய, ஏறத்தாழ 5:6 விகிதத்தில் இரண்டு ஒலிகளைக் காதுக்குள் அனுப்பி, அனுப்பாத மூன்றாவது ஒலி திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார்கள். வந்தால் காது நலம். ஒலியைத் துளியும் மாற்றாத காது, செயலிழந்த காது.

தம்பூராவில் எழக்கூடாத ஒலிகளைக் கேட்ட ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று ஒளியிலும் இதே கூட்டல் கழித்தல் கணக்கைக் கண்டார். ஒற்றை நிற ஒளியை பென்சீன் போன்ற திரவத்தில் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறம். கூடவே மிக மங்கலாகப் புது நிறங்கள்: போன ஒளியின் அதிர்வெண்ணோடு மூலக்கூறின் அதிர்வெண் கூடிய ஒன்று, கழிந்த ஒன்று. பென்சீன் வளையத்தின் துடிப்பு அந்தக் கழித்தலில் பளிச்சென்று தெரியும். மருந்து போலியா, கல் உண்மையான வைரமா என்று இன்று கையடக்கக் கருவிகள் சொல்வது இந்த வித்தியாசத்தை அளந்துதான். ஒளியும் மூலக்கூறும் ஒன்றையொன்று சீண்டாமல் கடந்து போயிருந்தால் 1930-இல் நோபலும் இல்லை.

பெரியப்பாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். தம்பூரா விஷயத்தை ஒப்புக்கொண்டார். ராமனையும் ஒப்புக்கொண்டார். அத்வைதத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பவர் கார்டில் ஸட்ஜம், பஞ்சமம், அவற்றைத் தாங்கும் ஆதார ஸட்ஜம் என்று மூன்றும் தனித்தனியாகத்தானே இருக்கின்றன, பிறகு எல்லாம் ஒன்று என்று இவன் எதற்கு உறுமுகிறான் என்று கேட்டார். ருத்ராவுக்கு வந்த விமர்சனங்களில் இதுதான் நான் கேட்டதிலேயே கடுமையானது.