மந்திரி பெரிதா, காலாட்கள் பெரிதா?

1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆந் திகதி, ஐஸ்லாந்தின் தலைநகராகிய ரெய்க்யவிக்கில், சதுரங்க உலகப் பட்டத்துக்கான போட்டியின் முதலாவது ஆட்டம் நடைபெற்றது. சோவியத் வீரர் பொரிஸ் ஸ்பாஸ்கியிடமும் அமெரிக்க வீரர் பொபி ஃபிஷரிடமும் அரசனைத் தவிர ஒரு மந்திரியும் ஆறு காலாட்களுமே எஞ்சியிருந்தன. ஆட்டம் சமநிலையில் முடியுமென்றே யாவரும் எண்ணினர்.

அவ்வேளை, 29ஆவது நகர்த்தலில், ஓரத்தில் நின்ற காலாளொன்றை ஃபிஷரின் மந்திரி வெட்டியது. ஸ்பாஸ்கி பக்கத்துக் காலாளை ஓரடி முன்னே வைத்தார். மந்திரி திரும்பும் வழி அடைபட்டது. முடிவில் ஃபிஷர் மந்திரியையும் ஒரு காலாளையும் இழந்து, மூன்று காலாட்களைப் பெற்றார். இப்போது ஸ்பாஸ்கியிடம் ஒரு மந்திரியும் மூன்று காலாட்களும். ஃபிஷரிடம் ஐந்து காலாட்கள் மட்டுமே.

காலாளுக்கு ஒன்று, மந்திரிக்கும் குதிரைக்கும் மூன்று என மதிப்பிடுவது வழக்கம். அக்கணக்கின்படி ஃபிஷருக்கு நட்டம் ஒன்றே. ஆயினும் 56ஆவது நகர்த்தலுடன் அவர் தோற்றார். அவர் பிழையின்றி ஆடியிருப்பின் சமநிலை கிட்டியிருக்குமெனப் பின்னர் ஆராய்ந்தோர் காட்டினர். அஃது எவ்வாறு இயலும்?

தனி மந்திரியோ தனிக் குதிரையோ வெறும் அரசனை வீழ்த்த இயலாது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். வெற்றிக்கு ஒரு காலாளாவது எட்டாம் வரிசையை அடைந்து அரசியாக வேண்டும். ஆகவே, காய் மிகுந்தவர் தம் காலாட்களைக் காக்க வேண்டும். காய் குறைந்தவரோ எதிரியின் காலாட்களை ஒவ்வொன்றாக மாற்றி ஒழிக்க வேண்டும். இறுதிக் காலாளும் மறைந்தால் மந்திரி இருந்தும் பயனில்லை. ஓரக் காலாளொன்று எஞ்சினாலும், அஃது அரசியாக வேண்டிய கட்டம் மந்திரி செல்லாத நிறத்ததாயின், எதிரியின் அரசன் அம்மூலையை அடைந்து தப்பிவிடுவான்.

காலாட்களுக்கும் அவை நிற்கும் இடத்தைப் பொறுத்தே வலிமை உண்டு. அருகருகே ஆறாம் வரிசையை எட்டிய இரு காலாட்களை, அரசனின் துணையற்ற கோட்டையும் பெரும்பாலும் தடுக்கமாட்டாது. தொடக்க வரிசையிலே பிரிந்து நிற்கும் மூன்றோ ஒரு மந்திரிக்கு எளிதில் இரையாகும்.

எனவே, மாணவர்களே, காயைக் கொடுத்துக் காலாட்களை வாங்குமுன் எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அவை எங்கே நிற்கின்றன, எதிரியிடம் எத்தனை எஞ்சும் என்பதையும் பாருங்கள். முதலாட்டத்தில் தோற்ற ஃபிஷர், அப்போட்டியை 12½ – 8½ என வென்று பட்டம் பெற்றார் என்பதையும் மறவாதீர்கள்.