அம்மாவுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷனா? ‘நெர்வ் பிளாக்’ பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, ‘ரொம்ப வலிக்குமா?’ என்பதுதான். ஆபரேஷன் நடக்கும்போது வலி தெரியாது. முதுகில் போட்ட மயக்க ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் குறையும்போதுதான் வலி தலைகாட்டும்.

பொறுத்துக்கிட்டா என்ன?

வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம். அதனால்தான் அன்றைக்கோ மறுநாளோ நடக்க வைக்கிறார்கள். மார்ஃபின் போன்ற மருந்துகள் வலியைக் குறைத்தாலும் குமட்டல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரும். வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் வரலாம்.

நெர்வ் பிளாக் எப்படி வேலை செய்கிறது?

இடுப்பு மூட்டின் முன்பக்க வலியை ஃபெமோரல், ஆப்டுரேட்டர் போன்ற நரம்புகள்தான் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. மயக்கவியல் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே, அந்த நரம்புகளை ஒட்டி ரோபிவகெய்ன், புபிவகெய்ன் போன்ற மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார். வலிச் செய்தி பாதியிலேயே நின்றுவிடும். ஒருமுறை போட்டால் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வரை பலன் இருக்கும்.

ஒரே வகைதானா?

இல்லை. ஃபெமோரல் பிளாக் தொடைத் தசையையும் தளர்த்திவிடும். கால் பிடிமானம் இல்லாமல் விழ வாய்ப்பு உண்டு. ‘ஃபேசியா இலியாகா’ பிளாக்கிலும் ஓரளவு தளர்ச்சி வரலாம். 2018-ல் கனடா மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய ‘பெங்’ பிளாக், மூட்டுக்குச் செல்லும் நரம்புக் கிளைகளை மட்டும் குறிவைப்பதால், கால் பலம் பெரும்பாலும் குறையாது. ஆனால் எந்த பிளாக்கும் முழு வலியையும் போக்காது. தோலிலும் மூட்டின் பின்பக்கத்திலும் வலி மிச்சம் இருக்கும். அதனால் பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளும் சேர்ந்தே தரப்படும்.

கவனம் தேவை

• ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், மருந்து அலர்ஜி உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

• ஊசி போட்டதும் காதில் இரைச்சல், நாக்கு மரத்துப்போவது, படபடப்பு இருந்தால் உடனே சொல்ல வேண்டும். மருந்து ரத்தத்தில் கலந்ததன் அறிகுறியாக இருக்கலாம். நரம்புப் பாதிப்பு அரிது.

• பிளாக் விடும்போது வலி திடீரென்று ஏறும். இது பலருக்கும் நள்ளிரவில் நடக்கும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், சொன்ன நேரத்துக்கு மாத்திரை கொடுத்துவிடுங்கள்.

• பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் தனியாக எழ விடாதீர்கள். வலி இல்லை என்பதற்காகக் காலில் பலம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆபரேஷனுக்கு முன்பு மயக்கவியல் மருத்துவரைப் பார்க்கும்போது, ‘எந்த பிளாக், எத்தனை மணிக்கு விடும், அதுக்கப்புறம் என்ன மாத்திரை?’ என்று மறக்காமல் கேட்டு, போனில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தானே!