சபைக் கணக்கு மக்கள் கண்ணுக்கு வருவது எப்போது?

பிரதேச சபையின் பணம் மக்களின் பணம். ஆதனவரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணங்கள் என்பவற்றோடு அரசாங்க மானியமும் சேர்ந்ததே அதன் வருமானம். கிராம வீதி, மதகு, தெருவிளக்கு, மயானம், நூலகம் யாவும் இதைக்கொண்டே பராமரிக்கப்படுகின்றன.

கரைச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ காணி இருக்க, வேறிடத்தில் வாழும் குடும்பம் நினைத்தவுடன் சபைக் கந்தோருக்குப் போய்வர முடியாது. கணக்கு இணையத்தளத்தில் இருந்தால், தன் ஊர் வீதிக்கு ஒதுக்கிய பணத்தைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஆயினும் எல்லாச் சபைகளும் ஒரேயளவாக வெளியிடுவதில்லை. காரணங்கள் எவை?

முதலாவது, ஆளணி. பெரிய சபைகளே கூடுதலாக வெளியிடுகின்றன எனப் பிற நாட்டு ஆய்வுகள் பல காட்டுகின்றன. ஒருவரே பல வேலை பார்க்கும் சிறிய சபையில் இணையத்தள வேலை பின்தள்ளப்படும்.

இரண்டாவது, பணம் வரும் வழி. மானியத்தில் தங்கியிருக்கும் சபை, மேலிடத்துக்குக் கணக்குக் காட்டினால் போதும் என எண்ணக்கூடும். வரி கட்டும் மக்களோ தாமே கணக்குக் கேட்பார்கள்.

மூன்றாவது, சபைக்குள் கேள்வி கேட்கும் உறுப்பினர்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6 தேர்தல்வரை பிரதேச சபைகளைச் செயலாளர்களே நிர்வகித்தனர். வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்க அப்போது உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

நான்காவது, வெளியே இருந்து கேட்கும் மக்கள். இது எமது கையில் உள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. இடம்பெயர்ந்து எங்கு வாழ்ந்தாலும் பிரஜை எவரும் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்; இறுதியில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். “எங்கள் கிராம வீதிக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, ஒப்பந்தகாரர் யார்?” என்று எழுதினால் மழுப்ப இடமிராது. ஒரே கேள்வி பல குடும்பங்களிடமிருந்து வந்தால், ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவதிலும் இணையத்தில் போட்டுவிடுவது சபைக்கே இலகு.

எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தைக் கையாள்வதில் எவரும் குறைசொல்லாதபடி, சபைகள் தெரிவுசெய்த சகோதரரையும் புனித பவுல் உடன் சேர்த்துக்கொண்டார். கணக்குக் கேட்பது பகையல்ல. நேர்மையாக உழைக்கும் அலுவலருக்கும் அது பாதுகாப்பு.