மெட்டு இல்லாத வீணை

திருஞானசம்பந்தப் பெருமானின் பதிகங்களை யாழில் இசைத்து உடன் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். காரைக்காலை அடுத்த திருத்தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், பதிகங்களின் புகழுக்கு யாழே காரணம் என்று பேசினர். அது கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகத்தை அருளுமாறு வேண்டினார். பிள்ளையாரும் அவ்வாறே பாடினார். பின்தொடர இயலாத பாணர் யாழை முறிக்க முற்பட்டபோது பிள்ளையார் தடுத்தருளினார். அத்தலத்து இறைவன் இன்றும் யாழ்முரிநாதர் என்றே வணங்கப்படுகிறார்.

அந்த இசை யாழில் அடங்காததற்கு, கருவியின் அமைப்பை வைத்து ஒரு விளக்கம் கூறலாம். யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்திற்கு உரியது. மனிதக் குரலோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும், அசையும், குழையும். இதனையே கமகம் என்கிறோம். நரம்புக்கு ஒரு சுரம் என்ற அமைப்பில் இதனைக் காட்டுவது அரிது.

வீணையில் 24 மெட்டுகள் உண்டு. மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை வரவழைக்கிறார்கள். சித்ரவீணை என்றும் வழங்கப்படும் கோட்டுவாத்தியத்திலோ மெட்டே கிடையாது. வலக்கை விரல்கள் தந்தியை மீட்ட, இடக்கை வழவழப்பான கருங்காலி உருளை ஒன்றைத் தந்திகளின் மேல் நகர்த்துகிறது. உருளை செல்லும் வழியெல்லாம் நாதம் அறுபடாமல் தொடரும். அடியில் ஓடும் துணைத் தந்திகள் மீட்டாமலே உடன் ஒலித்து அதற்குக் கார்வை சேர்க்கும். விளம்ப காலத்தில் கேட்டால், ஒருவர் பாடுவது போலவே இருக்கும்.

இதில் இடர்ப்பாடும் உண்டு. சுரம் இருக்கும் இடத்தைக் காட்ட மெட்டு இல்லாததால், உருளை மயிரிழை விலகினாலும் சுருதி கெடும். அழுத்தம் மிகுந்தால் தந்தி பலகையில் தட்டும். குறைந்தால் நாதம் அதிரும். மீட்டிய ஒலி அடங்கிவிடும் முன்பே அசைவு முழுவதையும் காட்டிவிட வேண்டும். விரைவான பிருகாக்கள் இன்னும் கடினம். காது ஒன்றே வழிகாட்டி.

இக்கருவிக்குப் பெருமை தேடித் தந்தவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பயின்றார். வாய்ப்பாட்டுக்காரர் ஒருவர் தந்திக்கருவி வித்வானிடம் பாடம் கேட்டார் என்பதே, அக்கருவி குரலுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை உணர்த்தும். பின்னர் மைசூர் சமஸ்தான வித்வான் நாராயண ஐயங்காரும், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அதனைப் போற்றி வளர்த்தனர்.

இன்று இதனைக் கற்போர் மிகச் சிலர். சுருதி கைவரவே ஆண்டுகள் பல ஆகும் என்பதால், பிள்ளைகள் வேறு கருவிகளை நாடுகிறார்கள். நவராத்திரிக் கச்சேரிகளில் ஒரு மாலையையேனும் கோட்டுவாத்தியத்திற்கு ஒதுக்கும்படி நம் ஊர்க் கோயில் நிர்வாகிகளிடம் நாம் கேட்கலாம். பேரக் குழந்தைகளையும் அழைத்துச் சென்று முன்வரிசையில் அமர்த்துவோம். உருளை நகர்வதைக் கண்ணால் கண்டு, நாதத்தைக் காதால் கேட்டால், அவர்களில் ஒருவருக்காவது கற்கும் ஆசை பிறக்கக்கூடும்.